நாற்பது வயதில் பென்சில் எடுப்பவருக்கு: சேர்ந்து வரையப் பழக ஒரு வழிகாட்டி

ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது ஓவிய நோட்டை மூடிவைத்தவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். அதோடு நின்றுபோன கை, முப்பது வருஷம் கழித்து எடுத்தாலும் அதே படத்தைத்தான் போடும்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை மரம். போட்டுப் பார்த்துவிட்டு "நமக்கெல்லாம் வராதுங்க" என்று எழுந்துவிடுகிறோம். கையெழுத்துப் போடும் கைக்குக் கோடு போடவும் வரும். தென்னை மரம் எப்படி இருக்கும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் சிக்கல். எதிரில் நிற்கும் மரத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, மனதில் இருக்கும் மரத்தை வரைகிறோம்.

பெரியவர்களுக்கான ஓவியப் பட்டறையும் ஞாயிற்றுக்கிழமை ஸ்கெட்ச் குழுவும் இங்கேதான் உதவுகின்றன. தனியாக வீட்டில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் போன் கைக்கு வந்துவிடும். பத்துப் பேர் ஒரே செம்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாமும் பார்ப்போம். 1854-இல் லண்டனில் தொடங்கிய உழைப்பாளர் கல்லூரியில் ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் மாலை வேளைகளில் தொழிலாளிகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். தச்சரை ஓவியராக்குவது தன் நோக்கம் இல்லை, தச்சராகவே இன்னும் சந்தோஷமாக இருக்கச் செய்வதுதான் என்பது அவர் நிலை. வயது வந்தபின் கற்கவருபவருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு எனக்குத் தெரியவில்லை.

எதில் சேர்வது

பட்டறை என்ற பெயரில் மூன்று விதமான விஷயங்கள் நடக்கின்றன. சேருவதற்கு முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கஃபேயிலோ மாலிலோ இரண்டு மணி நேரம் நடப்பது. கான்வாஸ், அக்ரிலிக், தூரிகை எல்லாம் அவர்களே தருவார்கள். முன்னால் ஒரு படம் இருக்கும். எல்லோரும் அதையே படிப்படியாகக் காப்பி அடித்து, சுவரில் மாட்டுகிற மாதிரி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு நல்ல ஏற்பாடு. வரையக் கற்க உதவாது. அடுத்த நாள் உங்கள் வீட்டுப் பூந்தொட்டியை வரையச் சொன்னால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

இரண்டாவது, வாராவாரம் ஆசிரியர் நடத்தும் வகுப்பு, அல்லது ஓரிரு நாள் அறிமுகப் பட்டறை. கோடு, வடிவம், நிழல் என்று வரிசையாகப் போவார்கள். ஒழுங்கு பிடித்தவர்களுக்கு இது சரி.

மூன்றாவது, வெளியில் கூடி வரையும் குழுக்கள். ஆசிரியர் இருக்கமாட்டார், பெரும்பாலும் கட்டணமும் இருக்காது. இன்ன ஞாயிறு, இன்ன இடம், காலை இத்தனை மணி என்று ஒரு செய்தி வரும், வந்தவர்கள் வரைவார்கள். உலகம் முழுக்க இப்படி நடப்பவற்றில் பெரியது 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்'. சியாட்டிலில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் காம்பனாரியோ 2007-இல் இணையத்தில் தொடங்கியது. நேரில் பார்த்து வரைய வேண்டும், சேர்ந்து வரைய வேண்டும் என்பவை அதன் அடிப்படைக் கொள்கைகள். சென்னையிலும் வார இறுதிகளில் கூடி வரையும் குழுக்கள் இருக்கின்றன. 'சென்னை ஸ்கெட்ச்' என்று சமூக ஊடகத்தில் தேடினாலே வழி கிடைத்துவிடும்.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு அறிமுகப் பட்டறைக்குப் போய்விட்டு நேராக மூன்றாவது வகைக்கு வந்துவிடுங்கள். அடிப்படைகளை முடித்த பிறகுதான் வெளியே போவேன் என்று காத்திருப்பவர்கள் வெளியே போவதே இல்லை.

பட்டறைக்குப் பணம் கட்டுமுன் போன் போட்டுச் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எத்தனை பேர் வருவார்கள்? ஒரு ஆசிரியருக்குப் பத்துப் பதினைந்து பேர் என்றால் உங்கள் தாளையும் பார்க்க அவருக்கு நேரம் இருக்கும். பொருளை வைத்து வரையச் சொல்வார்களா, போட்டோவைப் பார்த்தா? போட்டோ என்றால் வேறு இடம் பாருங்கள். உருண்டையான உலகத்தைத் தட்டையாக்கும் வேலையைக் கேமரா ஏற்கெனவே செய்து முடித்திருக்கும், நீங்கள் கற்க வேண்டியதே அந்த வேலைதான். தரையில் உட்காருவதா, நாற்காலி உண்டா? இதைக் கேட்க யாரும் வெட்கப்பட வேண்டாம். முழங்கால் வலியோடு இரண்டு மணி நேரம் எதையும் வரைய முடியாது.

பையில் என்ன இருக்க வேண்டும்

புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் ஒரு பெரிய பெட்டியோடு வருகிறார்கள். எழுபத்திரண்டு கலர் பென்சில், மூன்று வகை வாட்டர் கலர். எதைத் திறப்பது என்று யோசிப்பதிலேயே முதல் மணி போய்விடும்.

போதுமானது இவ்வளவுதான்: ஒரு 2பி பென்சில், ஒரு 6பி பென்சில், ஷார்ப்னர், ரப்பர், ஒரு ஜெல் பேனா, ஏ5 அளவு ஸ்கெட்ச் புத்தகம். நடராஜ், அப்சரா, கேம்லின் எதுவாக இருந்தாலும் சரி, தெருமுனை ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். பென்சிலில் உள்ள எண்ணும் எழுத்தும் எதற்கென்றால், உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. களிமண் கூடினால் கடினம், கோடு வெளிறும். அது 'எச்' பக்கம். கிராஃபைட் கூடினால் மிருது, கோடு கருக்கும். அது 'பி' பக்கம். வீட்டில் கிடக்கும் எச்பி எழுதுவதற்கு நல்லது, நிழல் போட்டால் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும்.

புத்தகத் தாள் 120 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் ரப்பர் போட்டாலும் கிழியாது. ரொம்ப விலை உயர்ந்த புத்தகம் வாங்காதீர்கள். அழகான தோல் அட்டை போட்டதை வாங்கிவிட்டு, முதல் பக்கத்தைக் கெடுக்கப் பயந்து அப்படியே வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. தனித்தாளில் வரைவதென்றால் பரீட்சைக்குக் கொண்டுபோகும் அட்டை ஒன்றும், காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு கிளிப்பும் போதும். அப்புறம் தண்ணீர், தொப்பி, உட்கார ஒரு பழைய செய்தித்தாள். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

வண்ணம் எப்போது? கொஞ்ச காலம் கழித்து. எது இருட்டு, எது வெளிச்சம் என்று கண் பிரிக்கத் தொடங்கிய பிறகு வண்ணத்துக்குப் போனால் நீங்களே வித்தியாசத்தை உணர்வீர்கள்.

முதல் நாள் உள்ளே என்ன நடக்கும்

அறிமுகம் நடக்கும். "சித்திரமும் கைப்பழக்கம்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். பிறகு கையை இளக்கச் சில பயிற்சிகள் கொடுப்பார்கள். தாள் முழுக்க வட்டம், நீளக் கோடு, அலை. பென்சிலை எழுதுவதற்குப் பிடிப்பது போல நுனியில் இறுக்கிப் பிடிக்காமல், சற்றுப் பின்னால் தளர்வாகப் பிடிக்கச் சொல்வார்கள். மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் கோடு சின்னதாகவும் நடுக்கமாகவும் வரும். தோளிலிருந்து கையை அசைத்தால் நீளமாக வரும்.

அடுத்து வருவது பலரைத் திகைக்கவைக்கும் பயிற்சி. உங்கள் இடது கையைப் பார்த்து வரைய வேண்டும், ஆனால் தாளைப் பார்க்கவே கூடாது. கண் கையின் ஓரத்தில் எறும்பு வேகத்தில் ஊர்ந்து போகும். பென்சில் அதே வேகத்தில் தாளில் போகும். ஐந்து நிமிஷம் கழித்துத் தாளைப் பார்த்தால் சிரிப்பு வரும். விரல் எங்கோ இருக்கும், கட்டை விரல் மணிக்கட்டில் முளைத்திருக்கும். பரவாயில்லை. அந்தப் படத்தில் ஒரு சின்னச் சுருக்கமோ நகத்தின் வளைவோ அச்சு அசலாக விழுந்திருக்கும், தேடிப் பாருங்கள். அந்த இடத்தில் நீங்கள் நிஜமாகவே பார்த்திருக்கிறீர்கள். இந்தப் பயிற்சியை வீட்டிலும் தினம் ஒரு முறை செய்யலாம். இதைவிடப் பலன் தரும் ஐந்து நிமிஷம் ஆரம்பத்தில் வேறு இல்லை.

பிறகு கடிகாரம் வைத்து வரைவது. யாராவது ஒருவர் நிற்பார், குனிவார், குடத்தைத் தூக்குவது போல நிற்பார். முப்பது நொடி, ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று நேரம் கூடும். முப்பது நொடியில் கண், மூக்கு, சட்டைப் பொத்தான் எதற்கும் நேரம் கிடையாது. முதுகு எந்தப் பக்கம் வளைகிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது, அவ்வளவுதான் பிடிக்க முடியும். பிடிக்க வேண்டியதும் அதுதான்.

பொருளை வைத்து வரையும் நேரம் வரும்போது டபராவும் டம்ளரும் வைத்தால் அதிருஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரில் பாதி பாடம் இருக்கிறது. வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும்; ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது நீள்வட்டம். அடிப்பகுதியை எல்லோரும் நேர்கோடாகப் போடுவார்கள், மேஜை தட்டையாக இருப்பதால். உற்றுப் பாருங்கள்: அடியும் வளைவுதான், அதுவும் வாயைவிடக் கூடுதலான வளைவு. நம் கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் விரிந்து தெரியும். டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கினால் வாய் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். இதைக் கண்ணால் கண்டுகொண்டவருக்கு தூண், குடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரே கணக்குத்தான்.

நாற்காலியை வரையச் சொன்னால் நாற்காலியை வரையாதீர்கள். கால்களுக்கு இடையே தெரியும் வெற்றிடங்களின் வடிவத்தை வரையுங்கள். வெற்றிடத்துக்கு நம் மனதில் பெயர் இல்லை, முன்பே வைத்திருக்கும் படமும் இல்லை. அதனால் கண்ணை நம்பித்தான் ஆக வேண்டும். முடித்துப் பார்த்தால் நாற்காலி தானாக வந்திருக்கும்.

ரப்பர் விஷயத்தில் ஒரு கண்டிப்பு: முதல் அரை மணி அதைத் தொடவேண்டாம். தப்பான கோட்டை அழித்துவிட்டுப் போட்டால் மறுபடியும் அதே இடத்தில்தான் விழும். தப்பு இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் சரியானதைப் போடுங்கள்.

அளவு பார்ப்பது

ஓவியர்கள் கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து ஒரு கண்ணை மூடுவதைச் சினிமாவில் பார்த்திருப்போம். அது ஸ்டைலுக்காகச் செய்வது இல்லை. முழங்கையை மடக்காமல் கையை நேராக நீட்டுங்கள். பென்சில் நுனியை ஆளின் உச்சந்தலையில் பொருத்தி, கட்டை விரலை மோவாய்க்கு நகர்த்துங்கள். அந்த நீளம் ஒரு தலை. அதை அப்படியே கீழே இறக்கி, மொத்த உயரத்தில் எத்தனை தலை என்று எண்ணுங்கள். வளர்ந்த ஆள் என்றால் ஏழு அல்லது ஏழரை தலை வரும். ஆரம்பத்தில் எல்லோரும் ஐந்து தலைக்கு முடித்துவிடுவார்கள். ஆள் குழந்தை போல இருப்பார். முகத்தில் அதே மாதிரி ஒரு பிழை: கண்ணை நெற்றி வரை ஏற்றிவிடுவது. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுப்பாதியில்தான் கண் இருக்கிறது. கண்ணாடியில் ஸ்கேல் வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

நம் சிற்பிகளிடமும் இதே அணுகுமுறை உண்டு. 'தாலம்' என்பது அவர்களுடைய அளவு. முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்டது, 12 அங்குலமாகப் பிரிப்பார்கள். இந்த அங்குலம் நம் இஞ்ச் அல்ல, உருவத்தின் அளவுக்கு ஏற்ப மாறுவது. தெய்வ உருவங்களுக்கு ஒன்பது தாலம், பத்துத் தாலம் என்று போகும். கோயில் சிற்பத்தை வரையும்போது "ஏழரை தலை வரவில்லையே" என்று குழம்ப வேண்டாம், அவை வேறு கணக்கில் செய்தவை.

வெளியில் போகும்போது

சென்னையில் என்றால் காலை ஆறரை மணிக்குப் போய் ஒன்பதுக்குள் முடிப்பது புத்திசாலித்தனம். வெயில் ஒரு காரணம். இன்னொன்று நிழல்: சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, நிழலும் கூடவே நகரும். தொடங்கும்போது வாசலின் இடது பக்கம் இருந்த நிழலையும் முடிக்கும்போது இருக்கும் நிழலையும் கலந்து போட்டால் படத்தில் இரண்டு சூரியன் இருக்கும். ஆகவே உட்கார்ந்த பத்து நிமிஷத்துக்குள் நிழல் எங்கெங்கே விழுகிறது என்று லேசாக எல்லை போட்டு வைத்துவிடுங்கள். பிறகு அது எங்கே போனாலும் கவலை இல்லை.

மயிலாப்பூரை எடுத்துக்கொள்வோம். ஸ்கெட்ச் குழுக்கள் அடிக்கடி கூடும் இடம். கபாலீசுவரர் கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் புதியவர் முதல் நிலையில் இருக்கும் முதல் பொம்மையிலிருந்து தொடங்குவார். ஒரு மணி நேரத்தில் நாலு பொம்மை முடியும், தாளில் இடமும் முடியும். கிழக்குக் கோபுரத்துக்கு ஏழு நிலை! இப்படிச் செய்து பாருங்கள். குளத்துக்கு மேற்கே, ஆர்.கே. மடம் சாலைப் பக்கம் போய் நில்லுங்கள். எதிரே தண்ணீர், அதற்கு அப்பால் கோயில், அதன் பின்னால் காலைச் சூரியன். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் சிலைகள் எல்லாம் மறைந்து கோபுரம் ஒரே கரிய வடிவமாகத் தெரியும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அந்த வடிவத்தை மட்டும் வரையுங்கள்: அடி எவ்வளவு அகலம், மேலே எவ்வளவு குறுகுகிறது, உச்சி எங்கே முடிகிறது. உள்ளே நிலைகளைப் பிரிக்கக் குறுக்குக் கோடுகள். 6பி பென்சிலால் கறுப்பாக்குங்கள். தண்ணீரில் அதன் பிரதிபலிப்புக்கு 2பி. ஒரு மணி நேரத்துக்குள் மயிலாப்பூர் என்று யாரும் சொல்லக்கூடிய படம் கையில் இருக்கும்.

ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவரை மனதில் வைத்துக்கொண்டு அங்கே உட்காராதீர்கள். ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்துவிட்டு வருஷக்கணக்காகக் கோயில் கோயிலாக உட்கார்ந்து வரைந்தவர் அவர். நாம் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறோம்.

மாமல்லபுரம் போனால் அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்திலிருந்து தொடங்கலாம். சாலையோரத்திலேயே இருக்கிறது, டிக்கெட் வாங்க வேண்டாம். அந்தப் பெரிய யானையின் முதுகுக் கோடு ஒன்றை மட்டும் அரை மணி நேரம் வரைந்தாலும் போன காசு வசூல்.

தெருவில் உட்கார்ந்தால் கூட்டம் வரும். இதற்குத்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். குழுவோடு போவதன் பெரிய லாபமே இங்கேதான்: பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் பார்வை பத்தாகப் பிரியும். "என்ன சார், கார்ப்பரேஷனா? இடிக்கப்போறாங்களா?" என்று கேட்பார்கள். "சும்மா பழகுறோம்ணே" என்று சொன்னால் போதும், டீக்கடைக்காரர் தன் கடையையும் வரையச் சொல்வார். முதல் தடவை சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பின்னாலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. நடைபாதையை அடைக்காதீர்கள், கடை வாசலை மறைக்காதீர்கள். கோயிலுக்குள்ளோ அரசுக் கட்டடத்திலோ உட்காருவதாக இருந்தால் ஏற்பாட்டாளர் அனுமதி கேட்டுவிட்டாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். பூக்கட்டும் அக்காவை வரைகிறீர்கள், அவர் கவனித்துவிட்டார் என்றால், புத்தகத்தைத் திருப்பிக் காட்டிவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் "மூக்கு சரியில்ல" என்பார்கள், அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

கடைசிக் கால் மணி

முடிந்ததும் எல்லோரும் புத்தகத்தைத் தரையில் பரப்பி வைத்துச் சுற்றி நிற்பார்கள். இதைத் தவிர்த்துவிட்டு நைசாகக் கிளம்பாதீர்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்த ஒருவர் கோபுரம் வரைந்திருப்பார், இன்னொருவர் மின்கம்பத்தில் தொங்கும் கேபிளை, மற்றவர் தன் செருப்பை. "நல்லா இருக்கு" என்பதைத் தாண்டி ஒன்று கேளுங்கள்: "எதை முதலில் போட்டீங்க?" இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் உங்களுக்கு வகுப்பு. உங்கள் படத்தைக் காட்டும்போது "ரொம்ப மோசம், பார்க்காதீங்க" என்று முன்னுரை வேண்டாம். தேதி, இடம், நேரம் எழுதி வையுங்கள். பக்கத்தைக் கிழிக்கவே கூடாது.

உங்கள் ஊரில் குழு இல்லையென்றால்

மூன்று பேர் போதும். ஆசிரியர் தேவையில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு என்று நாளை உறுதி செய்யுங்கள், எல்லோருக்கும் தோதான நாள் தேடினால் அது வரவே வராது. ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் காலை வணக்கப் படங்களுக்குத் தடை. இடம் நிழலாக இருக்க வேண்டும், பக்கத்தில் டீக்கடையும் கழிவறையும் வேண்டும். பெண்கள் தொடர்ந்து வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தைப் பொறுத்தது. ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள மரத்தடி, கிளை நூலகம், பூங்கா எதுவும் சரி. பொது நூலகம் என்றால் நூலகரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு இப்படி ஒரு திட்டம் வைத்துக்கொள்ளலாம்: தாளைப் பார்க்காமல் கை வரைவது ஐந்து நிமிஷம், ஒருவர் மாற்றி ஒருவர் நின்று முப்பது நொடிப் படங்கள் பதினைந்து நிமிஷம், பிறகு முக்கால் மணி அவரவர் விருப்பம், கடைசியில் புத்தகங்களைப் பரப்புவது. வரையத் தெரிந்தவர் ஒருவர் வந்தால் அவர் மற்றவர் தாளில் கைவைத்துத் திருத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓரமாகத் தன் தாளில் போட்டுக் காட்டலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியில் உட்கார முடியாது. அப்போது நிறையப் பேர் விட்டுப்போய்விடுவார்கள், எனவே கூரை உள்ள இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். சென்னையில் இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெண்கலச் சிற்பங்கள் அசையாமல் நிற்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேனா, வாட்டர் கலரை வீட்டில் வைத்துவிட்டுப் பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள், உட்கார்ந்து வரையலாமா என்று நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.